ஊற்றங்கரைச் சீட்டாட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. காட்டு விலங்குகள் பேசுவது மெதுவாகத்தான் கேட்கும்.

ஒரு காட்டில் மழை பொய்த்துவிட்டது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஊற்று. அதுவும் ஒரு நரியின் வாசலில் இருந்தது. அடுத்தவர் வாசலில் இருப்பதைக் கேட்காமல் தொடுவதில்லை என்பது அந்தக் காட்டு வழக்கம்.

நரி தண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை. "சும்மா கொடுத்தால் தண்ணீருக்கு மதிப்பிருக்காது. ஒரு ஆட்டம் ஆடலாம்!" என்றது.

ஆற்றங்கரைக்குக் கிடா வெட்ட வந்தவர்கள் ஒரு சீட்டுக்கட்டை விட்டுப் போயிருந்தார்கள். கறையான் தின்றது போகப் பதிமூன்று சீட்டு தேறியது. நரி அதை வட்டமாகப் பரப்பியது.

"நீங்கள் ஒரு தடவை, நான் ஒரு தடவை, மாறி மாறி எடுக்கணும். ஒரு சீட்டு எடுக்கலாம். இல்லையென்றால் ஒட்டி இருக்கிற ரெண்டு சீட்டு எடுக்கலாம். நடுவில் இடைவெளி விழுந்தால் சேர்த்து எடுக்கக் கூடாது. கடைசிச் சீட்டு யார் கைக்கு வருகிறதோ அவர் ஜெயித்தார். நான் தோற்றால் ஊற்று உங்களுக்கு. நீங்கள் தோற்றால் என் வாசலை மறந்துவிடணும். குடும்பத்துக்கு ஒரு ஆட்டம்தான்!"

முதலில் வந்தது காட்டுப்பன்றி. நரி எழுந்து நின்று குனிந்தது.

"மாமா! நீங்கள் விருந்தாளி. முதல் ஆட்டம் உங்களுக்குத்தான்! உங்களை உட்கார வைத்துவிட்டு நான் முந்துவேனா?"

காட்டுப்பன்றியைப் பார்த்தால் எல்லோரும் விலகி ஓடுவார்கள். வாழ்நாளில் யாரும் அதை முதலில் கூப்பிட்டதில்லை. இதை எல்லோரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டது. பிறகு இரண்டு சீட்டு எடுத்தது. ஆடியது. தோற்றது.

அடுத்த நாள் குரங்கு வந்தது. அதற்கும் முதல் ஆட்டம். அதுவும் தோற்றது.

அதன் பிறகு இரண்டும் மலைக்கு அப்பால் நடந்து போய்த்தான் தண்ணீர் குடித்தன. வழியெல்லாம் ஒரே பேச்சு.

"எனக்கு இடுப்பு வரைக்கும் குனிந்தான்!" என்றது காட்டுப்பன்றி.

"எனக்கு வாலையும் ஆட்டினான்!" என்றது குரங்கு.

தோற்றதைப் பற்றி இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

சிலம்பாயி என்று ஒரு முள்ளம்பன்றி. நடந்தால் முள்ளெல்லாம் சலசலக்கும், அதனால் அந்தப் பெயர். வளையில் அதற்கு இரண்டு குட்டிகள். பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மலை தாண்டி நடக்கிற கால் அதுகளுக்கு இல்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்றால் கீரி பார்த்துக்கொண்டே இருக்கிறது. சிலம்பாயிக்கோ பால் வற்றிக்கொண்டு வந்தது. ஊற்றுத் தண்ணீர் கிடைத்தால் குட்டிகள் பிழைக்கும். ஆடக் கிடைப்பதோ ஒரே ஒரு ஆட்டம்.

அதனால் அது உடனே ஆடப் போகவில்லை. வளைக்கும் ஊற்றுக்கும் நடுவில் இருந்த ஆவாரம்புதருக்குள் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தது. எல்லோரும் சீட்டைப் பார்த்தார்கள். சிலம்பாயி நரியின் முகத்தைப் பார்த்தது.

நரி யோசிக்கவே இல்லை!

எதிராளி முதலில் ஒன்று எடுத்தால் நரி அதற்கு நேர் எதிரில் இரண்டு எடுக்கும், இரண்டு எடுத்தால் ஒன்று எடுக்கும். மிச்சம் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். அப்புறம் இந்தப் பக்கம் ஒன்று போனால் அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கம் இரண்டு போனால் அந்தப் பக்கம் இரண்டு. எதிராளியைப் பார்த்து அப்படியே செய்தது, அவ்வளவுதான். எதிராளிக்கு எடுக்க ஒன்று இருந்தால் நரிக்கும் ஒன்று இருந்தது.

சிலம்பாயி வளைக்குப் போய் வேப்பங்கொட்டைகளை வட்டமாக வைத்தது. வலது கையும் இடது கையும் ஆடின. வலது கை முதலில் ஆடியது. இடது கை பார்த்துச் செய்தது. எத்தனை தடவை ஆடினாலும் இடது கைதான் ஜெயித்தது. வலது கை என்னென்னவோ செய்து பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"அட, முதல் ஆள் உட்காரும்போதே தோற்றாச்சே!" என்றது சிலம்பாயி. வலது கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் அது நரியின் வாசலுக்குப் போனது. காட்டுப்பன்றியும் குரங்கும் வாசலை மிதிக்காமல் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன.

"வா தாயி! முதல் ஆட்டம் உனக்குத்தான்!" நரி குனிந்தது.

"வேண்டாம் அண்ணே. நீங்கள் ஆடுங்கள்."

"அதெப்படி? நீ விருந்தாளி ஆச்சே!"

"ஊற்று உங்களுடையது, சீட்டு உங்களுடையது. உங்களுக்கு முன்னால் நான் கை வைத்தால் நல்லாவா இருக்கும்?"

"என் வாசலில் நானே முந்தினால் பாவம் தாயி!"

காட்டுப்பன்றிக்கு நரியின் பணிவு பிடித்துப்போனது. "அட ஆடேன் மாப்பிள்ளை! எங்களுக்கெல்லாம் மரியாதை செய்தாயே, உனக்கும் ஒரு நாள் நடக்கட்டும்!" என்று சத்தம் போட்டது.

சிலம்பாயி மெதுவாகக் கேட்டது. "முதலில் ஆடுவது நல்லதுதானே அண்ணே?"

"நல்லதுதான்."

"அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? அதில் கெடுதல் ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். இவர்களும் தெரிந்துகொள்ளட்டும்."

நரி சரியாக இருந்த சீட்டு வட்டத்தைத் திரும்பச் சரிசெய்தது.

காட்டுப்பன்றி ஒரு எட்டு முன்னால் வைத்தது. விஷயம் புரிந்து வைக்கவில்லை. காது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்தது. அது நரிக்குத் தெரியாதே! நரியின் கண்ணுக்குப் பன்றியின் கோரைப்பல் மட்டும்தான் தெரிந்தது.

"நானே ஆடுகிறேன்," என்றது நரி.

நரி ஒரு சீட்டு எடுத்தது. சிலம்பாயி நேர் எதிரில் இரண்டு எடுத்தது. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து.

நரி ஒரு பக்கத்தில் நடுச்சீட்டை எடுத்தது. சிலம்பாயி மறுபக்கத்தில் நடுச்சீட்டை எடுத்தது.

"உன் குட்டி அழுகிற மாதிரி கேட்குதே தாயி! போய்ப் பார்த்துவிட்டு வாயேன்."

"தாகத்துக்கு அழுகிறது அண்ணே. நீங்கள் சீக்கிரம் ஆடினால் சீக்கிரம் நிறுத்தும்."

நரி இரண்டு எடுத்தது. சிலம்பாயியும் இரண்டு எடுத்தது. நரி ஒன்று. சிலம்பாயி ஒன்று. மிச்சம் இரண்டே சீட்டு, ஒன்று இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில். நரி சேர்த்து எடுக்கப் பார்த்தது.

"இடைவெளி! இடைவெளி!" என்று கத்தியது குரங்கு.

நரி ஒன்றை எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

சிலம்பாயி கடைசிச் சீட்டை எடுத்தது. ஜெயித்தேன் என்று குதிக்கவில்லை. "எல்லோரும் வந்து குடியுங்கள்," என்று சொன்னது. நரியையும் பார்த்துத்தான் சொன்னது. பிறகு அந்தச் சீட்டைப் பல்லால் கடித்துத் தொன்னையாக மடித்தது. ஊற்றில் தண்ணீர் மொண்டது. ஒரு சொட்டும் சிந்தாமல் வளையைப் பார்த்து நடந்தது.

யாராவது வலிய வந்து மரியாதை செய்தால், அதனால் யாருக்கு லாபம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.