தொடரிக்குப் பேரு வந்த கதை

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுல அண்ணன் பொண்டாட்டி பேச்சி, தம்பி பொண்டாட்டி செவந்தி. ரெண்டு பேரும் ஆடு மேய்க்கிறவங்க. ம் கொட்டிக்கிட்டே கேளுடா கண்ணு... செவந்தி ஆடுங்க மட்டும் கொழுகொழுன்னு வரும். பால் பானை நுரைச்சுக்கிட்டு நிக்கும். மாமியா அதையே சொல்லிச் சொல்லிப் பூரிப்பா. பேச்சிக்குச் சோறு இறங்காது. எங்க கொண்டுபோய் மேய்க்கிறேன்னு செவந்திகிட்ட வாய்விட்டுக் கேக்கலாம்ல? கேட்டா இவ எறங்கிப் போன மாதிரி ஆயிருமாம்.

அப்போ ஒருநாள், தன் ஆட்டைப் பட்டியிலயே அடைச்சுட்டு, செவந்தி பின்னாலயே பூனை மாதிரி போனா. வழியில ஒரு முள்ளுச்செடி சேலையைப் பிடிச்சுச்சு. வெடுக்குன்னு இழுத்தா. டர்ர்... கிழிஞ்சுது. நிமிந்து பாத்தா செவந்தியைக் காணோம். மறுநாளும் போனா. அதே முள்ளுச்செடி கொண்டையைப் பிடிச்சுச்சு. தூரத்துல செவந்தி ஆட்டு மணி கிணிங் கிணிங்னு கேக்குது. தன்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு இவளுக்கு.

அப்புறம் மூணாம் நாள். வேகமா ஓடினவ, தொபுக்குன்னு புதருக்குள்ளயே விழுந்துட்டா. சேலை, முடி, கை எல்லாம் மாட்டிக்கிச்சு. திமிறத் திமிற முள்ளு ஆழமா இறங்குது. பொழுது சாயுது. ஊஊன்னு நரி ஊளை. கூப்பிட்டா செவந்தியைத்தான் கூப்பிடணும். அதுக்கும் மனசு வரல. ஊளை கிட்டத்துல கேட்டதும்தான் "செவந்தீ"ன்னு கத்திட்டா.

செவந்தி ஓடி வந்தா. "முன்னால இழுக்காதேக்கா, கொக்கி முள்ளு. பின்னால வா, விட்டுரும்." சொல்லிக்கிட்டே ஒவ்வொரு முள்ளா எடுத்தா. மலைக்குப் பின்னால ஒரு சுனை இருக்கு, அங்க புல்லு பச்சைப்பசேல்னு கிடக்கு, கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனேன்னு சொன்னா.

ஆனா சங்கதி தெரிஞ்சதும் ஊரு விடுமா? செவந்தியைத் தொடர்ந்து போனவ, 'தொடரி'ன்னு பேச்சிக்குப் பட்டப்பேரு வச்சுச் சிரிச்சாங்க. அவளால தலை நிமிர முடியல. அப்போ கிணத்தடியில, எல்லாரும் இருக்கும்போது, செவந்தி குடத்தை இறக்கி வச்சுட்டுச் சொன்னா:

"எங்கக்கா யாரையும் தொடரல. அந்த முள்ளுதான் போறவங்க சேலையைப் பிடிச்சுக்கிட்டுத் தொடருது. அதுதான் தொடரி."

அன்னிலேருந்து பேரு பேச்சியை விட்டுட்டுச் செடியில ஒட்டிக்கிச்சு.

பேச்சிக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனாலும் உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. இந்த நல்ல மனசும் அவளுக்கேதானா வாய்க்கணும்?

என்னடா, ம் கொட்டுற சத்தத்தைக் காணோமே. சரி, கதை காட்டுக்குப் போயிருச்சு. நீ தூங்கு, கண்ணு.