பிரதானி திருப்பிப் போட்ட கணக்கு

அரண்மனை விருந்தில் இருபது பேருக்குச் சோறு இல்லாமல் போய்விட்டது.

விருந்துக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆளுக்கு அரைப்படி அரிசி. அதற்குமேல் அம்மன் கோயிலுக்கு இருபது படி. ஆள் தெரிந்தால் அரிசி தெரிந்துவிடும். அந்த வருஷம் அரிசிதான் தெரிந்தது, நூறு படி. எத்தனை பேரை அழைக்கலாம்? பிரதானி கணக்குப் போட்டார். நூறு படிக்கு இருநூறு பேர். கோயிலுக்கு இருபதைக் கழித்தால் நூற்றெண்பது பேர். ஆளிலிருந்து படியைக் கழிக்க எங்கே படித்தாரோ! அழைத்தும் விட்டார்.

சோறு தீர்ந்ததும் ராஜாவிடம் ஓடினார். "சமையற்காரி அரிசியைத் திருடிவிட்டாள். கையை வெட்டச் சொல்லுங்கள்!"

சமையற்காரி இருளாயி கும்பிட்டாள். "திருட்டு இல்லை, மகாராஜா. கணக்கைத் திருப்பிப் போட்டதில்தான் தப்பு."

"எனக்கே கணக்கா?" என்று பிரதானி குதித்தார். "பெருக்கினதை வகுத்தேன், கூட்டினதைக் கழித்தேன். வேறென்னடி செய்யணும்?"

"காலையிலே வேட்டி கட்டி, அதுக்குமேலே கச்சை கட்டினீங்க. இப்போ கச்சையைத் தொடாம வேட்டியை மட்டும் அவிழ்த்துக் காட்டுங்க, சாமி."

சபை சிரித்தது. பிரதானி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியாச் சேர்த்தது கோயில் அரிசி. அதை முதல்ல எடுக்கணும். மிச்சம் எண்பது படி, நூற்றறுபது பேர்."

ராஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அதிகமாக அழைத்தது இருபது பேர். பசியோடு நின்றதும் இருபது பேர்.

அடுத்த விருந்துக்கு எத்தனை பேரை அழைப்பது என்று பிரதானியை யாரும் கேட்கவில்லை. சொன்னவள் இருளாயி.