நான்காவது டிராக், ஏழாவது நிமிடம்

"எனக்குக் காது போயிடுச்சு" என்றார் மாசிலாமணி.

ரெஜினா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டினேன். ஒரு குறையும் இல்லைங்கிறார். ஆனா எதைப் போட்டாலும் ஒரே மாதிரி இருக்கு."

மாசிலாமணிக்கு நாற்பத்தாறு வயது. சென்னையில் ஓர் இணைய இதழில் புதிய இசை ஆல்பங்களைப் பற்றி எழுதிவந்தார். சினிமாப் பாட்டு பக்கமே போகமாட்டார். எந்தக் கம்பெனியையும் நம்பாமல், வீட்டு அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இசை செய்து, தாங்களே வெளியிடுகிறவர்களின் ஆல்பங்கள்தான் அவருக்கு. 'இந்த வாரம் கேட்க வேண்டிய பத்து' என்று வெள்ளிக்கிழமைதோறும் பட்டியல் வரும். அதில் பெயர் வந்துவிடாதா என்று ஊர் ஊராகப் பலர் காத்திருந்தார்கள்.

ரெஜினாவுக்கு முப்பத்தொன்று. திருச்சி பாலக்கரையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அவருடைய அறை. ஆல்பம் வெளியே போவதற்கு முன் கடைசியாக ஒலியைச் சரிபார்த்துக் கொடுப்பார். அவர் கை பட்ட ஆல்பம் மூச்சு விடும் என்று இசைக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் மாசிலாமணி ரயிலேறி வந்திருந்தார்.

வாரத்துக்கு எத்தனை வருகிறது என்று ரெஜினா விசாரித்தார். அறுபது, எழுபது என்றார் மாசிலாமணி. சோமனூரில் ஒருவர் விசைத்தறி ஓட்டத்தையே தாளமாக்கி ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் ஓட்டை ஆர்மோனியத்தை சிந்தசைசருடன் பேசவிட்டிருக்கிறார். ஷில்லாங்கில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு சொல் கூடப் பாடாமல் ஐம்பது நிமிடம் டிரம் மெஷின். எல்லாம் கேட்கத் தகுந்தவை என்றுதான் எழுதினேன், எதனால் என்றுதான் சொல்லத் தெரியவில்லை என்றார்.

பிறகு கேட்டார்: "இந்த வருஷம் நீங்க எத்தனை கேட்டீங்க?"

"வேலைக்குக் கேட்டதை விட்டுட்டா, நாலு."

"வருஷம் முடியப்போகுதே."

"ஆமா. அதுல ரெண்டு இன்னும் முடியல."

கிண்டல் செய்கிறாரோ என்று மாசிலாமணி அவர் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை.

ரெஜினா ஒரு ஹெட்போனை நீட்டினார். பெயர் சொல்லவில்லை, அட்டைப் படம் காட்டவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதித் தரச் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

ஆல்பம் நாற்பத்தெட்டு நிமிடம். மாசிலாமணி இருபதாவது நிமிடத்திலேயே ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டார்.

ரெஜினா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது இந்த ஆல்பத்துல இல்ல சார்."

"பின்ன எங்க இருக்கு?"

"நீங்க போன வாரம் எழுதினதுல பாருங்க."

லாட்ஜுக்குப் போய்ப் பார்த்தார். இன்று எழுதிய 'தனிமையின் பெருவெளி' என்ற சொற்றொடர் போன வாரமும் இருந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு இடத்தில் இருந்தது.

மறுநாள் ஜாக்கிரதையாக எழுதினார். இந்த இடம் பெர்லின் நடன இசையை நினைவூட்டுகிறது, அந்த இடம் எண்பதுகளின் ஜப்பானை. பெயர்கள் வரிசையாக வந்தன. எழுதிய வேகத்தில் அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"இவங்க யாரும் இதுல வாசிக்கல" என்றார் ரெஜினா.

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன், என்னைப் போய் எழுத்துப் பரீட்சைக்கு உட்காரவைக்கிறாயா என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே படியிறங்கினார். ஸ்டேஷனுக்கு ஆட்டோவையும் கை காட்டி நிறுத்திவிட்டார்.

ஏறும்போது ஒரு சந்தேகம் தட்டியது. மூன்றாவது டிராக் தாளத்தோடு தொடங்குகிறதா, தாளம் பிறகு வருகிறதா?

நான்கு தடவை கேட்டிருக்கிறார். தெரியவில்லை.

ஆட்டோவை அனுப்பிவிட்டு மேலே ஏறினார். தாளம் பிறகுதான் வந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை, படியேறி வருகிறவர் நடுவில் நின்று நின்று ஏறுவதுபோல வந்தது. இதை எப்படிக் கேட்காமல் விட்டோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவர் பேனாவைத் திறக்கவில்லை.

நான்காவது டிராக்கின் ஏழாவது நிமிடத்தில் இசையெல்லாம் வடிந்து ஒரே ஒரு சுருதி மட்டும் நின்றது. அப்போது ஒரு சத்தம்.

கர்ரென்று ஏதோ தரையில் இழுபட்டது. ஒரே தடவை. அப்புறம் அமைதி. அப்புறம் இசை தன் போக்கில் தொடர்ந்தது.

திரும்பப் போட்டார். மறுபடியும் போட்டார். மெஷினில் பிறந்த சத்தம் இல்லை. அவர் தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏழாவது நிமிஷத்துல என்னமோ இழுபடுதே, அது என்ன?"

மூன்று நாளில் முதல்முறையாக ரெஜினா சிரித்தார்.

"எனக்கும் தெரியாது சார். எடுத்துடலாமான்னு அந்தப் பொண்ணு கேட்டா. இருக்கட்டும்னேன்."

"எந்தப் பொண்ணு?"

ரெஜினா திரையை அவர் பக்கம் திருப்பினார். 'நீர்மட்டம்' என்று இருந்தது. கீழே, மெஹர், காரைக்கால்.

மாசிலாமணி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். ஜூன் மாதப் பட்டியல் ஒன்றில் முதல் இடம் கொடுத்தது அவரேதான். தவறவிடக்கூடாத ஆல்பம், ஒன்பது டிராக்குகளும் ஒன்பது முத்துக்கள் என்று எழுதியிருந்தார். ஆட்டோவில் போகும்போது ஒன்றரை நிமிடம் கேட்டது.

ஆல்பத்தில் மொத்தம் ஆறு டிராக்தான்.

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்டு எழுதவா, பட்டியலையே நிறுத்திவிடவா, என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

ரெஜினா விரலால் திரையில் நான்காவது டிராக்கைக் காட்டினார்.

"அந்தச் சத்தம் என்னன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்றார்.

காலையில் மெஹரின் முகவரியோடு மாசிலாமணி முதல் பஸ்ஸில் காரைக்கால் புறப்பட்டார்.

மெஹருக்கு இருபத்தேழு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அன்று அவளுக்கு விடுமுறை. வந்தவர் யார் என்று தெரிந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரமாக மேஜையை ஒதுக்கி உட்காரவைத்தாள்.

மேஜைக்கு மேலே சுவரில் அவருடைய ஜூன் மாதப் பட்டியல் ஒட்டியிருந்தது. 'ஒன்பது முத்துக்கள்' அப்படியே இருந்தது.

மாசிலாமணி உண்மையைச் சொன்னார். சொல்லி முடிக்க நேரம் பிடித்தது.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

"இப்ப எதுக்கு சார் வந்தீங்க?"

அவர் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டார்.

மெஹர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றாள். ஒரு சாயங்காலம் இந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கைத் திறந்து வைத்து வாசித்தது. தெருவில் ஏதோ வண்டி போன சத்தம் என்று நினைத்துக்கொண்டாளாம். வீட்டில் உம்மா மட்டும்தான். உம்மாவுக்கு இந்த இசையே ஆகாது, மிக்ஸி ரிப்பேரா என்று கேட்பார் என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் அந்த இடத்தைப் போட்டாள்.

சுருதி மட்டும் மிஞ்சியது. கர்ரென்றது.

டீயோடு வந்த உம்மா கதவோரம் அப்படியே நின்றார்.

"அது நாந்தான்" என்றார்.

மெஹர் திரும்பிப் பார்த்தாள்.

"நாற்காலியை இந்தக் கதவுகிட்ட இழுத்துப் போட்டேன்."

"எதுக்கு உம்மா?"

உம்மா டீயை மாசிலாமணியின் முன்னால் வைத்தார். மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"அடுப்படிலேர்ந்து சரியாக் கேக்கல."