ஐஸ் பெட்டியில் வியன்னா பீர்

நெட்டேந்தல்காரர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் சொன்னது சொன்னபடி நடக்கும். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் வேலை சொல்லப் பயப்படுவது அதனால்தான்.

அந்த ஊர் மருதப்பருக்கு ஒரே மகள், முத்தழகி. வந்த வரனெல்லாம் தட்டிப்போன பிறகு நல்ல இடம் ஒன்று அமைந்தது. இதே ஊரில் பிறந்து, வியன்னாவில் சமையல்காரராக இருந்து ஓய்ந்த வேலாயுதம் தன் மகனுக்குக் கேட்டார். பெண்ணும் பையனும் போனிலேயே பேசிப் பிடித்துப்போயிருந்தது.

"தட்டு மாத்த வர்றப்போ எங்களுக்குச் சீர் செனத்தி ஒண்ணும் வேணாம். எங்க வியன்னா பீர் ஒரு டம்ளர் இருந்தாப் போதும்" என்றார் வேலாயுதம்.

வேறு ஊரில் இதை விளையாட்டுப் பேச்சு என்பார்கள். மருதப்பருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பீர் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

மாப்பிள்ளை கதிரேசன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற பையன். போனில் பக்குவம் சொன்னான். மருதப்பரும் மச்சினன்கள் அய்யாக்கண்ணுவும் பிச்சாண்டியும் போனைச் சுற்றிக் கைகட்டி நின்று கேட்டார்கள்.

முதலில் பார்லி. டவுன் நாட்டுமருந்துக் கடையில் போய் ஒரு மூட்டை கேட்டார்கள். அந்தக் கடையில் பார்லி வாங்குகிறவர்கள் நீர்க்கடுப்புக்காரர்கள்தான், அதுவும் நூறு கிராம். கடைக்காரர் திடுக்கிட்டார்.

"மூட்டையா! யாருக்குங்க?"

"சம்பந்திக்கு."

"அடப்பாவமே. எவ்வளவு காலமா?"

"முப்பது வருசமாக் குடிக்கிறாராம்."

கடைக்காரர் கண்கலங்கி ஒரு படி கூடுதலாகப் போட்டார்.

பார்லியை முளைகட்டிக் காயவைத்து, செம்பு நிறம் வரும்வரை வறுக்கச் சொல்லியிருந்தான் கதிரேசன். வீட்டுச் செப்புக்குடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வறுத்தார்கள். குடம் கறுத்துக் கிடந்ததால் பார்லியும் கரியாகிவிட்டது. மறுதடவை முத்தழகி குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். நிறம் அச்சாக வந்தது.

அடுத்து தண்ணீர். அது மென்மையாக இருக்க வேண்டுமாம். ஊரில் மூன்று கிணறு. பிச்சாண்டி ஒவ்வொன்றிலும் மேட்டிலிருந்து வயிறு பட விழுந்து பார்த்தார். கடைசிக் கிணற்றுத் தண்ணீர்தான் பஞ்சு மாதிரி இருக்கிறது, வலிக்கவே இல்லை என்றார். அதற்குள் அவர் வயிறு மரத்துப்போயிருந்தது.

ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும் மாப்பிள்ளையே பார்சலில் அனுப்பினான். "பூவுல பாதியைக் கொதி வந்ததும் போடுங்க, கசப்புக்கு. மீதியை இறக்கும்போது போடுங்க, வாசனைக்கு."

அய்யாக்கண்ணுவுக்கு இது சரியாகப் படவில்லை. "கல்யாணத்துல வாசனை முதல்ல, கசப்பு பின்னால. இதென்ன அத்தான், தலைகீழா இருக்கு?"

"வெளிநாட்டுப் பூ. அப்படித்தான் இருக்கும்" என்று மருதப்பர் தீர்த்துவைத்தார்.

காய்ச்சி ஆறவைத்துப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஈஸ்ட்டைக் கலந்தார்கள். "அதுக்கு உயிர் இருக்கு மாமா. குளிர்ச்சியா வச்சுப் பார்த்துக்கங்க. நுரைக் கொப்புளம் வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் வேலை பார்க்குதுன்னு அர்த்தம்" என்றான் கதிரேசன்.

பங்குனி வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? ஜாடி ஃப்ரிட்ஜில் நுழையவில்லை. அது நுழைகிற குளிர்பெட்டி அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இழவு வீட்டுக்கு வாடகைக்கு விடும் ஐஸ் பெட்டி. மருதப்பர் அதைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, ஜாடியை உள்ளே இறக்கிக் கண்ணாடி மூடியைச் சாத்தினார். பழைய பெட்டி, சுமாராகத்தான் குளிரும். முன்பு படுத்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

ஐஸ் பெட்டி இறங்கியதைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? மாலையும் கையுமாக வந்துவிட்டது.

"எப்ப ஆச்சு?"

"இன்னும் ஆகலை. உள்ள உயிரோடதான் இருக்கு" என்றார் மருதப்பர்.

கொண்டுவந்த மாலையைத் திருப்பிக்கொண்டு போவது மரியாதையில்லை. வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாலை வாடினால் புது மாலை வாங்கிவந்தார்கள்.

தட்டு மாற்ற வேண்டிய நாள் விடிந்தது. மருதப்பர் கண்ணாடி வழியே பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. காத்திருந்து பார்த்தார். இல்லவே இல்லை.

"போயிருச்சுடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை நாள் பார்த்துக்கொண்ட உயிர். அதைவிட, துக்க வீட்டில் எப்படித் தட்டு மாற்றுவது என்று நினைத்து அழுதார். பந்தலில் கொட்டு முழங்கியது.

அந்த நேரம் பார்த்து சம்பந்தியின் கார் வந்து நின்றது.

"யாரு தவறிட்டது?" என்று பதறினார் வேலாயுதம்.

"உங்க பீர்ல போட்ட ஈஸ்ட்டுதான் சம்பந்தி. காலையில பிரிஞ்சிருச்சு."

வேலாயுதம் தொப்பியைக் கழற்றினார். என்ன இருந்தாலும் நெட்டேந்தலில் பிறந்தவர். "முப்பது வருசமாக் குடிச்சேனே! எத்தனை உசுரு போயிருக்கும்! ஒண்ணுக்காவது அழுதேனா?" என்று கதறி, மொட்டை போட உட்கார்ந்துவிட்டார்.

அவர் தலையில் முடி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் முடிவெட்டுகிற மாரிசாமி சொன்ன வேலையைச் செய்கிறவர். தண்ணீர் தடவி, ஓரிடம் விடாமல் கத்தி ஓட்டி முடித்தார்.

பெட்டி படுக்கைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான் கதிரேசன். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தான். ஊர் எழுந்து நின்று பார்த்தது.

"அருமை மாமா! வியன்னா தோத்துச்சு. ஈஸ்ட் எங்க செத்துச்சு? வேலை முடிஞ்சு அடியில படுத்திருக்கு" என்றவன், அடிவண்டலில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தான். பந்தலில் ஒரு சுற்றுக் காப்பி கொடுத்து, மத்தியானச் சாப்பாடும் முடிவதற்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது.

மருதப்பர் சிரிக்க வாயெடுத்தார். அய்யாக்கண்ணு தடுத்தார்.

"உசுரோட இருக்கிறதுக்கு மொட்டை போட்டாச்சே அத்தான். அமங்கலமில்லையா?"

பந்தலிலேயே பஞ்சாயத்து கூடியது. நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: சம்பந்தி தலையில் முன்பிருந்த அளவு முடி திரும்ப வளர்கிறவரை தட்டு மாற்றக் கூடாது. கதவோரம் முத்தழகி விசும்பினாள்.

"முன்ன எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார் பிச்சாண்டி.

வேலாயுதம் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். பிச்சாண்டி படத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"அத்தான், வளர்ந்திருச்சு!"

"அதுக்குள்ளயா?"

"அச்சு அசல் அதே அளவு!"

பாஸ்போர்ட் பந்தல் முழுக்கக் கைமாறியது. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. "பார்லிக்கு அவ்வளவு சக்தி" என்றார் அய்யாக்கண்ணு. அங்கேயே தட்டு மாற்றிக் கல்யாணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

கூட்டம் கலையும்போது மாரிசாமி கத்தியைத் தீட்டிக்கொண்டே வந்தார். "இந்த வேகத்துல வளர்ந்தா கல்யாணத்தன்னிக்குக் காடா நிக்கும். முதல்நாள் வந்து கொஞ்சம் குறைச்சு விடட்டுமாய்யா?"

வேலாயுதம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ரொம்ப எடுத்துறாத. ஓரத்துல மட்டும்."