ஆனி மாதத்துப் பாய்கள்

"அந்தக் காலம் இனி வருமா அம்மா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

சீடருக்கு அறுபது வயது. குருவான வைத்தியர் உலகம்மாளுக்கு ஐம்பதுதான். முன்பு காலில் நரம்புச் சிலந்திப் புழுவோடு அவரிடம் வந்து படுத்த ஆவுடையப்பன், குணமான பிறகும் வீட்டுக்குப் போகாமல் வைத்தியம் கற்கத் தங்கிவிட்டார்.

"எந்தக் காலம் அண்ணாச்சி?"

"இந்தத் தாழ்வாரம் பூரா பாய் விரிச்சுக் கிடந்த காலம். காலைப் பொத்துக்கிட்டு வர்ற புழுவைக் குச்சியில சுத்தி, தினம் ஒரு விரல் அகலம் இழுப்போமே! என்ன பேச்சு, என்ன பாட்டு! ஊர்த்தலைவரே நாப்பது நாள் கிடந்து கதை சொன்னாரே!"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாயில் கிடந்த மற்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

புழு வந்த காலோடு பலரும் படிக்கிணற்றில் இறங்கி மொண்ட தண்ணீரால் வந்த நோய் அது. உலகம்மாள் படியை மறித்துச் சுவர் எழுப்பினார். கயிறு போட்டு இறைக்கவும் துணியில் வடிகட்டவும் ஊரைப் பழக்கினார். கிணற்றுக்கு ஒரு காவல்காரன். ஆனி பிறந்ததும் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் அவனுக்குக் கூலி.

எட்டு வருஷமாக ஒரு காலிலும் புழு இல்லை.

"இப்பத் தலைவர் சொல்லுதாரு, 'இல்லாத நோய்க்கு எதுக்குவே நெல்லு, நிறுத்திருவோம்'னு. எனக்கும் நியாயமாத்தான் படுது" என்றார் ஆவுடையப்பன்.

நெல் நின்றால் காவல் போகும். காவல் போனால் சுவர் எத்தனை நாளைக்கு?

உலகம்மாள் கோபப்படவில்லை. பரணிலிருந்து பழைய பாய்களை இறக்கித் தட்டி, தாழ்வாரத்தில் விரித்தார்.

"எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. போயி எல்லாரையும் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. ஒரு பொழுது பேசிட்டுப் போகட்டும்."

ஆவுடையப்பன் குஷியாகக் கிளம்பினார்.

சாயங்காலம் தனியாகத் திரும்பினார். முழங்கால் வரை சேறு.

"ஒருத்தரும் வரலியா?"

"எங்க வர? நடவு மும்முரம். நிமிர்ந்து பார்க்க ஆளில்ல. தலைவரு என் கையிலயும் ஒரு நாத்துக்கட்டைத் திணிச்சு, 'பேச்செல்லாம் அப்புறம், இதை அந்த வயல்ல கொண்டுபோயிப் போடும்வே'ன்னுட்டாரு."

"முன்ன அவரு இங்க நாப்பது நாள் கிடந்தாரே, அது எந்த மாசம்?"

"அது..." ஆவுடையப்பன் தன் காலிலிருந்த சேற்றைப் பார்த்தார். "இதே ஆனிதான்."

அவரே பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். மூலையில் கிடந்த மரக்காலை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"பொழுது சாய்ஞ்ச பிறகு எங்க அண்ணாச்சி?"

"தலைவர் வீட்டுக்கு. காவல்காரனுக்கு முதல் மரக்கால் நெல்லு அங்கதான் அளந்து வாங்கணும்."