வீணைக்கு எடுக்காத சீட்

வேதவல்லி டீச்சரின் வீணை உடைந்தது. விமானத்தில் உடைந்தது. அதற்கு சீட் எடுக்காமல் விட்டவர் பம்ப்பு சார்.

பம்ப்பு சார் என்பது டீச்சர் வைத்த பேர். ஆள் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனை மேனேஜர். ஐம்பத்து நாலு வயது. எட்டு வருஷமாக ஞாயிறு காலையில் டீச்சரிடம் வீணை கற்கிறார். சுமாராக வாசிப்பார். முதல் நாள் பேரும் சொன்னார், வேலையும் சொன்னார். டீச்சருக்கு வேலைதான் நினைவில் நின்றது.

வாரம் இரண்டு தடவை விமானம் ஏறுகிற உத்தியோகம். ஏறும்போதெல்லாம் பாயிண்ட்ஸ். மூன்று லட்சத்துக்கு மேல் சேர்ந்து கிடந்தது. அவர் மனைவிக்கு விமானம் என்றாலே தலை சுற்றும். அதனால் செலவாகவில்லை.

சிங்கப்பூரில் ஒரு சபா டீச்சரைக் கச்சேரிக்குக் கூப்பிட்டது. இரண்டு சீட்டுக்குப் பணம் அனுப்பியது. ஒன்று டீச்சருக்கு. ஒன்று வீணைக்கு.

"டிக்கெட்டை நீங்களே போட்டுருங்க பம்ப்பு சார். நான் ரயில்ல போய்த்தான் பழக்கம்."

அவர் உட்கார்ந்து பார்த்தார். பணம் கட்டினால் சாதா சீட் இரண்டு. பாயிண்ட்ஸ் போட்டால் பிசினஸ் கிளாஸில் ஒன்று. கால் நீட்டிப் படுக்கலாம். ஆனால் பாயிண்ட்ஸ் டிக்கெட்டோடு பொருளுக்கு சீட் தரமாட்டார்கள். வீணை கீழே சாமான்களோடு போக வேண்டும். கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்தார்.

டீச்சரின் முட்டியை நினைத்தார். வகுப்பு முடிந்து அந்தம்மாள் எழுந்து நிற்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எட்டு வருஷமாகப் பார்க்கிறவர். பாயிண்ட்ஸைப் போட்டார். சபாவின் பணத்தைத் திருப்பி அனுப்பினார். டீச்சரிடம் சொல்லவில்லை. போகிற அன்றைக்குத் தெரிந்து சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டார்.

விமான நிலைய வாசலில் டீச்சர் கேட்டார்.

"வீணை எங்க உக்காருது?"

"கீழ போகுங்க டீச்சர். பெட்டி கெட்டிப் பெட்டி. உங்களுக்குப் பெரிய சீட் போட்டிருக்கேன். படுத்துட்டே போலாம்."

"மடியில வெச்சுக்க விடமாட்டாங்களா?"

"மாட்டாங்க."

டீச்சர் பெட்டியின் மேல் கையை வைத்தார். எடுத்தார். உள்ளே போனார்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். இவர் கார் கொண்டுபோயிருந்தார்.

"பெரிய சீட் எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லாத் தூங்கினேன்," என்றார் டீச்சர். கார் டிக்கியில் பெட்டியை வைத்துத் திறந்து காட்டினார்.

வீணையின் குடம் மேலிருந்து கீழே பிளந்திருந்தது. விரல் நுழைந்தது.

"கச்சேரி?"

"இரவல் வீணை. முடிஞ்சுது."

டீச்சர் வீட்டு வாசலில் இறங்கும்போது இவர் சொன்னார். "புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேனுங்க டீச்சர்."

"இதுல முப்பத்தெட்டு வருஷம் வாசிச்சிருக்கேன். அதுக்கு எத்தனை பாயிண்ட்ஸ்?"

வகுப்பு நின்றது. டீச்சர் வாசிப்பதும் நின்றது. உறையூர் பக்கம் தங்கை இருக்கிறாள், அவளோடு போய் இருந்துவிடலாம் என்று யாரிடமோ சொன்னதாக இவர் காதுக்கு வந்தது.

மூன்றாம் ஞாயிறு போனார். டீச்சர் பாயில் உட்கார்ந்திருந்தார். பெட்டி சுவரோரம் மூடிக் கிடந்தது.

"ஒண்ணு கேக்கணுங்க. பணம் கட்டியிருந்தா உங்களுக்கும் வீணைக்கும் சின்ன சீட். பாயிண்ட்ஸ் போட்டா உங்களுக்கு மட்டும் பெரிய சீட். ரெண்டையும் வெச்சுட்டு ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். உங்க வலியை நினைச்சுத்தான் பெரிசைப் போட்டேன். அது தப்புங்களா?"

"காபி குடிக்கிறீங்களா?"

பதிலுக்கு நிற்கவில்லை. டீச்சர் எழுந்தார். தரையில் கை ஊன்றவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து உள்ளே போனார். டம்ளரோடு வந்தார். அதே மாதிரி உட்கார்ந்தார்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆறிடும். குடிங்க."

"முட்டி..."

"முட்டிக்கு என்ன?"

"எட்டு வருஷமா மெதுவாத்தானுங்களே எந்திரிப்பீங்க."

"மடியில வீணை இருந்துச்சு. அதுக்கு அடி படாம எந்திரிக்கணுமே."

காபி ஆறிப்போனது. கடைசியில் இவர் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"இதை எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

"இந்தத் தடவை கேட்டுட்டீங்க. எடுத்துட்டுப் போங்க."

பம்ப் வார்ப்பதற்கு முன் அதை மரத்தில் செதுக்குவார்கள். அந்த மர அச்சுதான் பேட்டர்ன். மேனேஜர் ஆவதற்கு முன் பத்து வருஷம் பேட்டர்ன் பட்டறையில் உளி பிடித்தவர் இவர். அதை டீச்சரிடம் சொன்னதில்லை. டீச்சரும் கேட்டதில்லை.

தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனார். டிக்கெட் இரண்டு எடுத்தார்.

"இன்னொருத்தர் எங்கய்யா?" என்றார் கண்டக்டர்.

"ஜன்னல் ஓரமா உக்காந்திருக்காங்க."

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீணை செய்கிற ஆசாரி குடத்தைத் தட்டிப் பார்த்துக் கையை விரித்தார். புதுசு செய்துகொள்ளுங்கள் என்றார். இவர் நகரவில்லை. "எங்க மெலிசு, எங்க கனம்னு மட்டும் காட்டுங்க. செதுக்குறது நான்."

மூன்று தடவை போய் வந்தார். மூன்று தடவையும் இரண்டு டிக்கெட். பழைய பலாக்கட்டை ஒன்று தேடிப்பிடித்து, பட்டறையில் லீவு நாளெல்லாம் இழைத்தார். பிளவை ஒட்டுப் போட்டுச் சேர்க்க நாலு மாதம். மெழுகு வைத்து அதில் மெட்டுக் கம்பிகளைப் பதித்தது மட்டும் ஆசாரி.

கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்தார்.

டீச்சர் வாசித்தார். மேலே சரியாக இருந்தது. கீழ் ஸ்வரங்களில் மெல்லிசாக ஒரு கரகரப்பு. இரண்டு பேருக்கும் கேட்டது.

"நான் செதுக்கினதுதானுங்க. இது போகாதுங்களா?"

"போகாது."

நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் வாசித்தார். உறையூர்ப் பேச்சு அதோடு போனது. பிறகு வகுப்பு நோட்டை எடுத்தார்.

"உங்க பேர் என்ன? முதல் நாள் சொன்னீங்க. நான் கேட்டுக்கல."

சொன்னார். டீச்சர் பம்ப்பு என்று எழுதியிருந்ததை அடித்தார். மேலே எழுதினார்.

மறுவருஷம் சிங்கப்பூர் சபாவின் செயலாளர் கோயம்புத்தூர் வந்தவர் டீச்சர் வீட்டுக்கும் வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் வீணையின் குடத்தில் ஓடின ஒட்டுக் கோட்டை விரலால் தடவினார்.

"யாருங்க சேர்த்தது? தஞ்சாவூர் ஆளுங்களா?"

"ஆமாங்க, அங்க ஒரு ஆசாரி," என்றார் இவர், தன் வீணையை விட்டுத் தலை நிமிராமல்.

டீச்சர் வீணையைக் கீழே இறக்கினார். மெதுவாக. இன்னும் மெதுவாக எழுந்தார்.

"நாச்சிமுத்து," என்றார், இவரைக் காட்டி.