ராஜா அடித்த பந்தும் திவான் நின்ற இடமும்

மருதங்கோட்டை சமஸ்தானத்தின் ராஜா வீரமல்ல பூபதிக்கு எதிரிகள் கிடையாது. படையெடுத்து வருகிற அளவுக்கு நாடு பெரிதில்லை. ஆகவே அவர் கோல்ஃப் ஆடினார்.

பந்து தூரமாகவும் போகாது, நேராகவும் போகாது. எருமைகள் கிடக்கும் குட்டையில் போய் விழும். எருமைகள் பழகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் துரையோடு பந்தயம். திவான் வெங்கோபராயர் சமயம் பார்த்துச் சொன்னார்:

"நம் அரசவை விகடன் மாசிலாமணிக்குத் தெரியாததே இல்லையாம். மகாராஜா அவனிடமே பயிற்சி பெறலாமே."

ராஜா திரும்பினார். "கேட்டாயா மாசிலாமணி? துரை முன்னால் என் முதல் அடியே நேராகப் போகவேண்டும், தூரமாகவும் போகவேண்டும். தவறினால் நீ சமஸ்தானத்தை விட்டே போய்விடு."

மாசிலாமணி மறுநாள் மைதானத்தில் நின்று பார்த்தான். ராஜா மட்டையை ஓங்கியதுமே ராயரும் சபையோரும் "சபாஷ்!" என்று அலறினார்கள். யார் குரல் பெரிது என்று ராஜா தலையைத் தூக்கிப் பார்த்தார். பந்து குட்டைக்குப் போனது.

மாசிலாமணி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினான்.

ஞாயிறும் வந்தது, துரையும் வந்தார்.

"திவான் அவர்களே, மகாராஜாவின் பந்து இன்று எப்படிப் போகும்?" என்றான் மாசிலாமணி.

"இதென்ன கேள்வி? நூல் பிடித்தாற்போலப் போகும்!"

"கொஞ்சமும் விலகாதா?"

"மயிரிழைகூட விலகாது!"

"அப்படியானால் பயமில்லை. நீங்களும் சபையோரும் முன்னால் போய் இரண்டு வரிசையாக நில்லுங்கள். நடுவில் பந்து போகட்டும்."

ராயர் முகம் வெளுத்தது. மறுத்தால் ராஜாவை நம்பவில்லை என்றாகிவிடும்.

"நல்ல யோசனை. போய் நில்லும் ஓய்!" என்றார் ராஜா.

போகிற ராயரின் காதில் மாசிலாமணி சொன்னான்: "சபாஷ் போட்டால் மகாராஜா நிமிர்ந்து பார்ப்பார். நிமிர்ந்தால் பந்து கோணும். அப்புறம் உங்கள் மண்டை, உங்கள் பாடு."

ராஜா மட்டையை ஓங்கினார். ஒரு சத்தமில்லை. சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார்க்கக் காரணம் ஏதுமில்லாததால் ராஜா பந்தைப் பார்த்தே அடித்தார். இரண்டு வரிசைக்கும் நடுவே விர்ரென்று பறந்த பந்து, துரை முதலில் அடித்திருந்த பந்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

அதே ஏற்பாட்டில் ஆட்டம் முழுதும் நடந்தது. துரை தோற்றார்.

"மாசிலாமணி! என் கையைத் திருத்தினாயா, காலைத் திருத்தினாயா?"

"இரண்டும் பழையபடியேதான் இருக்கின்றன மகாராஜா. புகழ்கிறவர்களை அடிபடுகிற இடத்தில் நிறுத்தினேன், அவ்வளவுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மாசிலாமணிக்குப் போர்த்தினார்.

துரை மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவைத் தனியே அழைத்துப்போய், தன் பந்துக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளத் திவானை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார்.